புளிப்பின் கைப்பக்குவம்

எழுந்தான். பல் தேய்த்தான். தண்ணீர் கொதிக்கவைத்துப் பால் இல்லாமல் காப்பி கலந்தான். ஃப்ரிட்ஜிலிருந்து தானிய சாலட் டப்பாவை எடுத்தான். மேலே ஒட்டியிருந்த தாளை உரித்து, நின்றபடியே சாப்பிட்டான். வேகவைத்த கோதுமை, கொண்டைக்கடலை, எலுமிச்சைச் சாறு. மனைவி இறந்துபோனதிலிருந்து காலையில் இதுதான். அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவளே உருவாக்கிய சாலட். கடையில் இது இருக்கும்வரை அவள் சமையல் தனக்கு உண்டு என்று நினைத்திருந்தான்.

அன்று அவனைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த மச்சினி, காலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இதுல போட்டிருக்கிற பேரையெல்லாம் படிச்சுட்டுத்தான் உள்ள தள்ளுறீங்களா?"

"மனப்பாடம். கோதுமை, கடலை, எண்ணெய், எலுமிச்சை, சிட்ரிக் அமிலம், சாறு கெட்டியா இருக்க ஒரு கோந்து, பொட்டாசியம் சோர்பேட்."

"கடைசியா சொன்னது இல்லையே. புளிக்கவச்ச கோதுமை மாவுன்னு இருக்கு."

பிடுங்கிப் பார்த்தான். அப்படித்தான் இருந்தது. அவளுடைய சாலட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யாரென்று யோசிக்கவே வேண்டாம்.

புளிப்பு. தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரனுக்கு மனைவி வைத்த பெயர். எந்நேரமும் எதிலாவது அமிலத்தை அளந்துகொண்டிருப்பவன். வீட்டில் ராச்சாப்பாட்டுப் பேச்சில் பாதி அவன்தான். "இன்னிக்குப் புளிப்பு என்ன பண்ணான் தெரியுமா?" என்று ஆரம்பித்து, சொல்லி முடிப்பதற்குள் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். இவன் கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவள் சரிந்து விழுந்ததும் அந்த ஆய்வுக்கூடத்தில்தான். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று காலை அவள் வாயில் பிரஷ் இருந்தது. கையை மட்டும் ஆட்டினாள். கடைசியாக அவள் எதைப் பேசினாளோ, அது புளிப்பின் காதுக்குப் போயிற்று. துக்கம் கேட்க வந்த அன்று அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அவனிடம் போய்க் கேட்பது கையேந்துவது மாதிரி. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனான். தலைக்கு வலைத்தொப்பி மாட்டி, ருசி பார்க்கும் அறையில் உட்காரவைத்தார்கள். புளிப்பு வந்தான். குட்டை. தலையில் முடியே கிடையாது; ஆனாலும் தொப்பி போட்டிருந்தான். இந்த ஆளைப் பற்றியா அத்தனை சிரிப்பு?

"அவ சாலட்ல எதுக்குக் கை வச்சீங்க?"

"நான் எங்க சார் வச்சேன்? சோர்பேட்ங்கிற பேரைப் பாத்தாலே ஜனங்க டப்பாவைத் திரும்ப வச்சுடுறாங்க. புளிக்கவச்ச மாவும் பூஞ்சை பிடிக்காமத்தான் பாத்துக்குது. பேருதான் வேற, வேலை ஒண்ணு. ரெண்டுலயும் பயப்பட ஒண்ணுமில்ல. மாத்த வேணாம்னு நான் மல்லுக்கு நின்னேன். உங்க வீட்டம்மாதான் மாத்தியே தீருவேன்னாங்க. மேலிடத்துல இப்பதான் சரின்னாங்க."

"ருசி?"

"அது கெடாம நான் பாத்துக்கிட்டேன். சாறு என்னோடதாச்சே."

"சாறு அவளோடது."

"இல்ல சார். மொதல்லேர்ந்து சாறு நான் போட்டது. கோதுமை அவங்களுது. வேகவச்ச சூட்டோட சட்டுனு குளிரவச்சு, எண்ணெய் பூசி… எத்தனை நாள் கிடந்தாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. நானும் செஞ்சு பாத்தேன். களியாப் போச்சு."

இவனுக்கு நாக்கை வழித்து எறியலாம் போலிருந்தது. இத்தனை நாளாகக் கோதுமையை மென்று விழுங்கிவிட்டு, டப்பாவின் அடியில் தேங்கிய சாற்றை விரலால் வழித்து நக்கியிருக்கிறான். அதுதான் அவள் என்று நம்பி.

இனி இழக்க மானம் என்று ஒன்றும் மிச்சமில்லை. கேட்டுவிட்டான்.

"கடைசியா என்ன சொன்னா?"

புளிப்பு மேசையைத் துடைத்தான். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

"உங்களைத்தான் கேட்டாங்க சார். சாப்பிட்டிருப்பாரான்னு."

அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டவள் இல்லை. என்ன சாப்பிட்டான், பல்லில் ஒட்டியதா, தொண்டையில் கரகரத்ததா என்று துருவுவாள். சாப்பிட்டானா இல்லையா என்பது அவளுக்கு ஒரு கேள்வியே கிடையாது.

"எனக்கு ஆறுதல் வேணாம். உள்ளதைச் சொல்லுங்க."

புளிப்பு தொப்பியைக் கழற்றினான்.

"தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. நான் ஓடிப் போய்த் தாங்கினேன். என்னைப் பாக்கவே இல்ல. மேசை மேல ஒரு டப்பாவைத் திறந்து போட்டிருந்தேன், அதையே பாத்தாங்க."

"என்ன சொன்னா?"

"‘அதை மூடு, கோதுமை காஞ்சிடும்.’"