முதல் வெட்டு யார் வாசலில்?

காலையில் தெருமுனையில் ஸ்கூட்டியை நிறுத்திய சைட் இன்ஜினியர் துர்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று சாயங்காலம் போட்டு முடித்த காங்கிரீட் ரோடு ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு சமர்த்தாகத்தான் படுத்திருந்தது. ரோட்டை எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று சாக்கடைச் சுவரில் பதினைந்தடிக்கு ஒன்றாகச் சாக்பீஸில் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கோடுகளைத்தான் போட்ட இடத்தில் காணோம்.

காணாமல் போகவில்லை, நகர்ந்திருந்தன. பூட்டிக் கிடந்த செல்வநாதன் வீட்டு வாசலில் மட்டும் ஏழெட்டுக் கோடுகள், ரேஷன் கடை வரிசை மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. செல்வநாதன் புதுச்சேரியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். என் வாசலில் வெட்டு வேண்டாம் என்று ஆளாளுக்குக் கோட்டை அழித்துப் பக்கத்து வீட்டுக்குத் தள்ள, பக்கத்து வீடு அதற்கடுத்த வீட்டுக்குத் தள்ள, கேட்க ஆளில்லாத வாசலில் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அடேயப்பா, என்ன ஒற்றுமை!

"மேடம், இந்தக் கோடு பிரகாரம் வெட்டுனா, பெரியவர் வூட்டு முன்னால வெண்டைக்கா நறுக்குன மாதிரி ஆயிடும்" என்று சிரித்தார் வெட்டும் மெஷின் ஓட்டுகிற லாரன்ஸ்.

துர்காவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. அவள் தனியாகப் பொறுப்பேற்றுப் போட்ட முதல் ரோடு இது. போன மாதம் வேறொரு தெருவில் வெட்டும் மெஷின் ஆடி அசைந்து மதியத்துக்கு மேல் வந்தது. அதற்குள் ரோடு பொறுமையிழந்து கண்ட இடத்தில் கோணல்மாணலாக வெடித்துவிட்டது. எல்லாவற்றையும் உடைத்து மறுபடி போட்டார்கள். "இதுவும் வெடிச்சா ஆபீஸ்ல உக்காந்து பில்லு எழுதும்மா, சைட்டு பக்கமே வராத" என்று கான்ட்ராக்டர் கோதண்டபாணி சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர். துர்காவுக்கோ சைட்டைத் தவிர வேறெங்கும் இருப்புக் கொள்ளாது.

டேப்பை எடுத்து முதலிலிருந்து அளந்தாள். சரியாக அளந்தபோது செல்வநாதன் வாசலில் ஒரு கோடுகூட விழவில்லை. முதல் கோடு அம்புஜவல்லி வீட்டு வாசற்படிக்கு நேராக விழுந்தது. விழுந்த மறு நிமிஷம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அதை மறித்துக்கொண்டு வந்து இறங்கியது. நாற்காலிமேல் அம்புஜவல்லி இறங்கினாள்.

"புது ரோட்டைப் போட்ட மறுநாளே வெட்டுறியே, உனக்கே நல்லா இருக்குதாம்மா?"

"காங்கிரீட்டு இறுகும்போது சுருங்கும்க்கா. நாம கோடு போட்டு வழி வுடலன்னா அது இஷ்டத்துக்கு வெடிச்சிரும். நீங்க செராமிக் கம்பெனியில பொம்மை வார்க்குறவங்க. களிமண்ணு காயும்போது சுருங்காதா?"

"சுருங்கும். வெடிக்கவும் வெடிக்கும். நான் இல்லன்னு சொல்லலியே." அம்புஜவல்லி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "தானா வெடிச்சா அது சாமி செஞ்சது. நீ வெட்டுனா அது மனுஷன் செஞ்சது. வெள்ளிக்கிழமை எங்க காவியாவைப் பொண்ணு பாக்க வராங்க. வெட்டுப்பட்ட வாசலைத் தாண்டியா அவங்க உள்ள வரணும்? பெத்தவளுக்கு வயிறு எரியாதா?"

துர்கா படித்த படிப்பில் இதற்கொரு சூத்திரம் இல்லை. எதிர்வீட்டுக்காரியும் இன்னும் நாலைந்து பெண்களும் "அதானே!" என்று வந்து சூழ்ந்துகொண்டார்கள். சாக்கு காயத் தொடங்கியது. பழமலைநாதர் கோயில் பக்கமிருந்து ஏறிவந்த வெயில் ரோட்டின் பாதிவரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் ஆபீஸும் பில்லும்தான்.

லாரன்ஸுக்கு இந்தப் பேச்சிலெல்லாம் சேர்த்தி கிடையாது. அவர் பாட்டுக்கு மெஷினை இறக்கி, தண்ணீர்க் குழாயை மாட்டி, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, டூல்ஸ் பெட்டியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். எந்தத் தெருவிலும் முதல் வெட்டுக்கு அவர் செய்கிற வழக்கம் அது.

பேசிக்கொண்டிருந்த பெண்களின் கண்ணெல்லாம் அந்தப் பழத்தின் மேல் போனது. துர்கா அதைப் பார்த்தாள். சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது.

"லாரன்ஸ் அண்ணே, பூஜை இல்லாம மெஷினை ஓட்டாதீங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரலெடுத்தாள். "மொத வெட்டு நல்லபடியா விழணும். சூடம் ஏத்தி, தேங்கா உடைச்சு ஆரம்பிப்போம். அக்காவுக்கு இஷ்டமில்ல, வுட்டுருங்க. மொத பூஜை யார் வூட்டு வாசல்ல வைக்கலாம்?"

எதிர்வீட்டுக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க வாசல்லயே வைம்மா. எங்க வூட்டு ஆம்பளதான் இந்த ரோட்டுக்கு மனு எழுதிப் போட்டாரு."

"ஏண்டி, அந்த மனுவுல மொத கையெழுத்து என்னுது!" அம்புஜவல்லி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "அளந்து மொத கோடு என் வாசல்ல போட்டிருக்குது. மொத மரியாதையை நீ கொண்டுபோயிடுவியா? ஏய் காவியா, சூடத்தையும் தாம்பாளத்தையும் எடுத்தா! அப்படியே அந்த நாற்காலியைத் தூக்கி உள்ள போடு!"

அப்புறம் என்ன, சூடம் எரிந்தது, தேங்காய் உடைந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது. மெஷின் உறுமிக்கொண்டு அம்புஜவல்லி வாசலில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரு நேர்கோட்டை இழுத்தது. அடுத்த கோட்டுக்காரி தன் வாசலுக்கும் சூடம் கேட்டாள். வெயில் உச்சிக்கு ஏறுமுன் தெரு முழுக்க வெட்டியாயிற்று. மத்தியானச் சாப்பாடு துர்காவுக்கும் லாரன்ஸுக்கும் அம்புஜவல்லி வீட்டில்தான்.

அடுத்த வாரம் சாக்கை உருவிப் போட்டுவிட்டு துர்கா ரோட்டில் குப்புறப் படுத்தாள். வெட்டின் இடுக்கில் செல்போன் டார்ச்சை அடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள். அடியில், தலைமுடி மாதிரி, மெல்லிசாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

"வெடிச்சிருச்சு! லாரன்ஸ் அண்ணே, வெடிச்சிருச்சு!" என்று எழுந்து குதித்தாள்.

"ரோடு வெடிச்சதுக்கா இந்தக் குதி குதிக்கிற?" அம்புஜவல்லி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். அவளே குனிந்து பார்த்தாள். வெளியே ரோடு கண்ணாடியாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. வெடிப்பு மொத்தமும் கோட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தது. "சாமி வெடிக்க வச்சதுகூட, நீ வெட்டுன கோட்டுக்குள்ளயே போயிருக்குதேம்மா!"

"அது போக வழி வுட்டோம்ல அக்கா."

"மாப்பிள வூட்டுக்காரங்களும் நல்லா தாண்டித்தான் வந்தாங்க. வர்ற முகூர்த்தத்துல நிச்சயம், நீ வந்துரணும்" என்று அம்புஜவல்லி அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

புதுச்சேரியிலிருந்து திரும்பியிருந்த செல்வநாதன் பூட்டைத் திறந்த கையோடு வந்து நின்றார். "ஏம்மா, பூஜை பண்ணி எல்லார் வாசல்லயும் கோடு போட்டியாமே. எங்க வாசல் மட்டும் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

துர்கா சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். "சார், ரோடு வெடிச்சிருச்சு சார்!"

அந்தப் பக்கம் கோதண்டபாணிக்கு மூச்சே நின்றிருக்க வேண்டும். "எங்கம்மா?" என்றார்.

"கோட்டுக்குள்ள சார்! எல்லாமே கோட்டுக்குள்ள!"

"போக்கிரிப் பொண்ணே, உசுர எடுக்கறியே!" என்று சிரித்தார். "சரி, நல்லூர் ரோட்டு வேலையையும் நீயே பாத்துக்க. நாளைக்குச் சாமான் இறக்கச் சொல்லவா?"

"இறக்கச் சொல்லுங்க சார்" என்று துர்கா சொல்லி முடிப்பதற்குள் அம்புஜவல்லி போன் பக்கம் எட்டி வாயை வைத்தாள்.

"சிமெண்டோட ஒரு கூடை எலுமிச்சம்பழமும் சேத்து அனுப்பச் சொல்லும்மா!"