கழுத்தளவு வீடு

முத்தாலம்மாள் காலெடுத்து வைக்கும் வீட்டில், இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றதோ அவ்வளவு தண்ணீர் மறுபடியும் நிற்கும். கணுக்கால் என்றால் கணுக்கால், இடுப்பு என்றால் இடுப்பு. ஒரு விரற்கடை கூடாது, குறையாது. துணி நனையாது, சுவர் ஊறாது, ஸ்விட்சில் கை வைத்தால் ஷாக் அடிக்காது. ஆனால் கலங்கலாகக் கண்ணுக்குத் தெரியும். அன்றைக்கு மிதந்த செருப்பும் பிளாஸ்டிக் குடமும் அன்றைக்குப் போலவே அறைக்கு அறை போய் வரும். அவள் வாசலைத் தாண்டி வெளியே வந்தால் வடிந்துவிடும். வெள்ளம் ஏறாத இடத்தில் ஒன்றும் நடக்காது. மூன்றாவது மாடியில் அவள் வெறும் முத்தாலம்மாள்தான். முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கத்தில் இதை இப்போது யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை.

அவள் சித்தாள். கோவளம் பக்கத்துக் குப்பமொன்றில் மீன் விற்கும் வீட்டில் பிறந்து, திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் பூவராகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வெள்ளம் வடிந்தபின் பதினேழு நாள் வீடு வீடாகச் சேறு வாரினாள். அவளோடு வாரியவர்களுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்தது, இவளுக்கு இது வந்தது என்பார்கள் தெருவில். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. இரண்டு வருஷம் கழித்து, எதிர்க்கட்டடத்தில் கலவை சுமந்துகொண்டிருந்தவள் குடிக்கத் தண்ணீர் கேட்டு டு-லெட் பலகை தொங்கிய ஒரு வீட்டுக்குள் போனாள். வீடு பார்க்க வந்த இளம் ஜோடியிடம் “ஒரு சொட்டு உள்ள வரல” என்று ஓனர் சொல்லி வாயை மூடவில்லை, இடுப்புவரை தண்ணீர் நின்றது. அந்த ஜோடி மிதந்த செருப்புகளுக்கு நடுவே தங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அட்வான்ஸ் கொடுக்குமுன் அவளைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. தரகரை நம்பாதவர்களும் கட்டட வேலை நடக்கும் இடம் தேடி வந்து நின்றார்கள். அவள் ஒரு டீக்கு மேல் யாரிடமும் வாங்கியதில்லை. ஓனர்கள் கப்பி கொட்டித் தரையை உயர்த்தினார்கள், சுவரில் பட்டி பூசி மூன்று கோட் பெயிண்ட் அடித்தார்கள். தண்ணீர் எதற்கும் ஏமாறவில்லை. ஒருமுறை வாடகைக்கு வந்தவர் பத்திரத்தை நீட்டி “இதுல இன்னாக்கா போட்டுக்கீது?” என்று கேட்டார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சுவர் மறைத்ததைக் காட்டத் தெரிந்தவளுக்குத் தாள் மறைப்பது தெரியாமல் போனது நெஞ்சில் முள்ளாக நின்றது. நாற்பத்து மூன்றாவது வயதில் டு-லெட் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டினாள். ஒரு வரி படிக்க ஒரு சட்டி கலவையை மாடியேற்றும் நேரம் ஆகும். இரண்டிலும் கழுத்து வலிக்கும். ஆனாலும் மூன்றே வருஷத்தில் பத்திரங்களை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரைவரை படிக்கிறவளாகிவிட்டாள்.

போன சித்திரையில் அவள் குடியிருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதென்று முடிவானது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் வீடு பார்த்தவளுக்கு வீடு கொடுக்க ஆள் இல்லை. பேரைக் கேட்டதுமே கேட்டைச் சாத்தினார்கள். மாடி வீட்டுக்காரர்களும் மாட்டேன் என்றார்கள். மாடிக்குப் போவதென்றால் கீழே பார்க்கிங்கைத் தாண்டித்தானே போக வேண்டும். பதினொரு வீடு கைவிட்டுப் போனபின், தரகர் ஜெரோம் முடிச்சூரில் ஒரு தரைத்தள வீட்டைப் பிடித்தான். வீட்டுக்காரர் வில்பிரட், ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பியூலா டீச்சரோடு மாடியில் இருந்தார். குடிவரப்போவது யாரென்று கேட்டதற்குப் பூவராகன் பெயரை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“அக்கா, நீ கேட்லயே நில்லு. அண்ணன் பாத்துட்டுக் கையெழுத்து போட்டுரட்டும். அப்பால நீ நீந்தினாலும் சரி, வலை போட்டாலும் சரி,” என்றான் ஜெரோம்.

“இன்னும் எட்டு நாள்தான் கீது,” என்றான் பூவராகன். “இந்த ஒரு வாட்டி பொறுத்துக்கோ.”

அவள் நின்றாள். ரோடு மேல் ரோடு போட்டு வீட்டைவிடத் தெரு உயர்ந்திருந்ததால், அங்கிருந்து ஜன்னல் வழியே உள்ளே எல்லாம் தெரிந்தது. பூவராகன் வீடு பார்த்த லட்சணத்தையும் பார்த்தாள். குழாயைத் திறந்தான், தண்ணீர் வந்ததும் தலையாட்டி மூடினான். குளியலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்க்கவில்லை, கதவின் அடிக்கட்டை உப்பியிருக்கிறதா என்று தடவவில்லை. “வெள்ளத்துல முட்டி வரைக்கும்தான்” என்று வில்பிரட் சொன்னதற்கும் தலையாட்டினான். பத்திரத்தை அடுப்பு மேடையில் விரித்தார்கள். பூவராகன் பேனாவைத் திறந்தான்.

எத்தனையோ வீட்டுக்குள் தலை நிமிர்ந்து நுழைந்தவள், தான் படுத்து எழப்போகும் வீட்டை வெளியே ஒளிந்து நின்று பார்ப்பதா? முத்தாலம்மாள் செருப்பைக் கழற்றினாள், புடவைத் தலைப்பை உதறிச் செருகினாள், வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

தண்ணீர் அவள் கழுத்தில் வந்து நின்றது. வில்பிரட் நெடிய ஆள், அவருக்கு மார்பளவு. ஜெரோம் குள்ளம், மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி நின்றான், மூச்சு முட்டவில்லை என்று தெரிய அவனுக்குச் சற்று நேரம் ஆனது. ஒரு கட்டுப் பரீட்சைத் தாளும் நீல ஸ்டூலும் அவர்களைச் சுற்றி வந்தன. சத்தம் கேட்டு இறங்கி வந்த பியூலா டீச்சர் வாசலில் நின்று பார்த்தார்.

“பத்து வருஷமா முட்டி முட்டின்னு சொல்லிட்டிருக்கீங்க,” என்றார் கணவரிடம். “அப்ப நாம கீழதானே குடியிருந்தோம். அன்னைக்கு நான் சாப்பாட்டு மேசை மேல ஏறி நின்னது என்ன, டான்ஸ் ஆடவா?”

வில்பிரட் முத்தாலம்மாள் பக்கம் திரும்பினார். “நீங்கதானா அந்த முத்தாலம்மாள்?” என்றார்.

“ஆமா சார். இவரு என் வூட்டுக்காரரு. சொல்லாம வந்தது எங்க தப்பு. வீடு புடிச்சிருக்கு.”

“இதைப் பார்த்த பிறகுமா?”

“கழுத்துன்னு தெரிஞ்சா பரணை எவ்ளோ ஒசரத்துல போடணும்னு தெரியும். முட்டின்னு நம்பினவங்கதான் சார் மூட்டை முடிச்ச வுட்டாங்க. ஆனா இத்த அக்ரிமெண்ட்ல எழுதணும்.”

“இதெல்லாம் யாரும்மா அக்ரிமெண்ட்ல எழுதுவாங்க?”

“நா எழுதறன் சார்.”

பூவராகன் பேனாவை அவளிடம் கொடுத்தான். அவள் தண்ணீருக்கடியில் குனிந்து எழுத ஆரம்பித்தாள். இருபது நிமிஷம் ஆனது. நடுவில் ஓர் எழுத்தில் கை நின்றபோது ஜெரோம் விரலை நீட்டினான். அதை ஒதுக்கிவிட்டுத் தானே கண்டுபிடித்து எழுதினாள். இந்த வீட்டில் 2015இல் கழுத்தளவு தண்ணீர் நின்றது, தெரிந்தே குடி வருகிறோம் என்று இரண்டு வரி. கீழே பூவராகன் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் பெயரையும் ஓரெழுத்து விடாமல் போட்டாள். வில்பிரட் இரண்டு தரம் படித்தார். சுற்றி வந்த நீல ஸ்டூலைக் கையால் தள்ளிவிட்டு, அந்த வரிகளுக்கு அடியில் “உண்மை” என்று எழுதிக் கையெழுத்திட்டார். பியூலா டீச்சர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஆசிரியை கண்ணுக்கு ஓர் ஒற்றுப்பிழை பட்டது, அதைத் திருத்தவில்லை.

அந்த ஆண்டே அந்தப் பக்கத்துப் பத்திரங்களில் தண்ணீர் அளவுக்கென்று ஒரு வரி விட ஆரம்பித்தார்கள். டு-லெட் பலகைகளில் இரண்டு படுக்கையறை, கார்ப்பரேஷன் தண்ணீர், இடுப்பளவு என்று வரிசையாக எழுதினார்கள். அப்படி எழுதிய வீடுகளுக்குத்தான் முதலில் ஆள் வந்தது.

முத்தாலம்மாள் காலையில் வேலைக்குக் கிளம்பினால் அந்த வீடு காய்ந்துவிடும். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, எதிர்வீட்டு யூனிஸ் அரிசி களைந்து உலை வைக்கிறாள்.