முனீஸ்வரியை விட்டுப் போன நடுக்கம்

2021 டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, முனீஸ்வரியின் நடுக்கம் அவளை விட்டு இறங்கி, ஏலச்செடிகளுக்கு நடுவே மேடேறி, மானேஜரின் ஆபீசுக்குள் போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தது. அது போன வழியில் இலைகளில் நின்ற தண்ணீர் ஒரே கோடாக உதிர்ந்ததைப் பக்கத்து வரிசையில் காய் எடுத்துக்கொண்டிருந்த மதலேனாள் பார்த்தாள். காட்டுப்பன்றியாக இருக்கும் என்று நினைத்துக் குனிந்துகொண்டாள்.

தோட்டம் கம்பம் மெட்டு மலைப்பாதையைத் தாண்டி, கேரளப் பக்கம் இருந்தது. கீழே அனுமந்தன்பட்டியில் விசிறி போட்டுத் தூங்கி எழுந்த பெண்கள், ஜீப்பில் ஏறிய ஒன்றரை மணி நேரத்தில் பல் கிட்டிக்கும் ஈரக்குளிரில் இறங்குவார்கள். இது தலைமை அலுவலகத்துக்கும் தெரியும். அதற்காக அவர்கள் ஒரு லேமினேட் செய்த அட்டையை அனுப்பியிருந்தார்கள். அதில் ரோமத்தொப்பி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் முழங்கால் அளவு பனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள், அடிக்கடி சூடாகக் குடியுங்கள், கதகதப்பான இடத்தில் ஓய்வெடுங்கள், உடன் வேலை செய்பவரைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. எல்லாம் நல்ல வாசகங்கள்தான். மானேஜர் அதைத் தம் அறையில் ஹீட்டருக்கு மேலே மாட்டி, போட்டோ எடுத்து அனுப்பினார். பாதுகாப்பு அன்றோடு நிறைவேறிவிட்டது. சேற்றுக்காலோடு யாரும் உள்ளே வரக் கூடாது என்பதால் அட்டையை ஹீட்டர் மட்டும் படித்தது. தோட்டத்தில் கொஞ்சம் தீ மூட்டிக்கொள்ளலாமா என்று பெண்கள் கேட்டபோது, சூப்பர்வைசர் சுருளிராஜன் இரண்டு ஸ்வெட்டருக்கு உள்ளிருந்து, “குளிரெல்லாம் மனசுலதான் இருக்கு” என்றார். ஆனால் காய் உலர்த்தும் ஸ்டோரில் மட்டும் இரவும் பகலும் விறகு எரிந்தது. ஏலக்காய்க்குச் சளி பிடித்துவிடக் கூடாது அல்லவா.

அன்று காலையிலிருந்தே தூறல். முனீஸ்வரி மண்ணோடு மண்ணாக உட்கார்ந்து எடுத்ததில் பாவாடை, சேலை, மேலே போட்ட பழைய சட்டை எல்லாம் ஊறிப்போயிருந்தன. நடுக்கம் போன பிறகு அவள் கை ஆடவில்லை. சுருளிராஜனுக்கு ஒரே சந்தோஷம். “இவளப் பாருங்க. தண்ணியில முங்கினாலும் ஆடல. நீங்களும்தான் இருக்கீகளே!” என்று மற்றவர்களை ஏசிவிட்டு, இந்த மாதச் சிறந்த பணியாளர் இவள்தான் என்று முடிவு செய்து, நிற்க வைத்துப் படமும் எடுத்தார். படத்தில் முனீஸ்வரி சிரித்தாள். கையிலிருந்த காய்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. அது அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மதலேனாள் வரிசையை விட்டு அவளிடம் வந்தாள். அவள் தம்பி அந்தோணிமுத்து நான்கு வருடத்துக்கு முன்னால் இதே மலையில் மழையில் மரம் வெட்டிவிட்டு, ஒரு பலாமரத்தில் சாய்ந்து, நடுக்கம் நின்று, இப்படித்தான் சிரித்தபடி குளிரில் இறந்துபோனான்.

“ஏ முனீசு, குளிருதா ஆத்தா?”

“குளிரலக்கா.” நாக்கு குழறியது. “வெக்கையா இருக்கு. சட்டையக் கழட்டிரட்டா?”

மதலேனாள் கூடையை உதறிவிட்டு அவளைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தாள். வாசலில் சுருளிராஜன் கையை விரித்து மறித்தார். காய் காயும் இடத்துக்குள் ஆள் போக அனுமதி இல்லை என்றார்.

“காயி நாளைக்குக் காயும் தம்பி. இவ இன்னைக்குச் செத்துருவா. தள்ளு” என்றாள். அவர் நகரவில்லை. மதலேனாள் அவரை இடித்துக்கொண்டே உள்ளே போனாள். பின்னாலேயே மற்ற பதினாறு பெண்களும் போனார்கள்.

முனீஸ்வரியின் ஈரத்துணி முழுவதையும் உருவிவிட்டு, உலர்ந்த சாக்கு விரித்துப் படுக்க வைத்து, பையில் நனையாமல் வைத்திருந்த துண்டுகளை ஆளுக்கொன்றாகச் சுற்றினார்கள். யாரோ உள்ளங்கையைப் பரபரவென்று தேய்க்கப் போனபோது விறைத்த உடம்பைத் தேய்க்கக் கூடாது என்று மதலேனாள் தடுத்து, தன் ஈரச்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முனீஸ்வரியைத் தன் மாரோடு சேர்த்து அணைத்துப் படுத்துக்கொண்டாள். நினைவு தெளிந்து, விழுங்கத் தொடங்கிய பிறகுதான் பால் இல்லாமல் வெல்லம் போட்ட கட்டன் சாயாவை ஒவ்வொரு மிடறாகக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிவாக்கில் முனீஸ்வரியின் தாடை மெல்ல ஆடியது. பிறகு தோள். பிறகு உடம்பு மொத்தமும் தூக்கித் தூக்கிப் போட்டது. பெண்கள் பிள்ளை பிறந்ததைப் போல அழுது சிரித்தார்கள். புது நடுக்கம் முளைத்துவிட்டது. அன்றே ஜீப்பில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் வீடு வந்தாள்.

பழைய நடுக்கம் நாற்காலியை விட்டு எழவில்லை. அதன்மேல் உட்கார்ந்த மானேஜர் ஹீட்டரைக் கட்டிப்பிடித்தபடி மூன்று நாள் பல்லடித்தார். காய்ச்சல் இல்லை, மலேரியா இல்லை என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நாற்காலியை மாற்றினார்கள், நடுக்கம் புது நாற்காலிக்கு மாறிக்கொண்டது. தை முடிவதற்குள் அவர் மாற்றல் வாங்கிப் போனார். அடுத்து வந்தவர் ஒரு மாதம். அதற்கடுத்தவர் பேனா பிடிக்க முடியாமல் பதினொரு நாளில் ஓடினார். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து தரையைத் தட்டிப் பார்த்து, மேஜைக்காலுக்கு அடியில் அட்டைத்துண்டு ஒன்றைச் சொருகிவிட்டுத் திரும்பினார்.

நான்காவது மானேஜருக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது, அல்லது பயம் இருந்தது. அவர் மதலேனாளைக் கூப்பிட்டு, இந்த நடுக்கம் எதனால் என்று கேட்டார். அன்று இலைகளில் தண்ணீர் உதிர்ந்த கோடு ஆபீசை நோக்கி மேடேறியது அவளுக்கு நினைவு வந்தது. “அதுக்குக் குளிருதுங்க சார். வெளிய இருக்கிறவுகளுக்குக் குளிரு விட்டாத்தான் அதுக்கும் விடும்” என்றாள். அதன்படி தோட்டத்துக்கு நடுவே தகரக் கொட்டகை எழும்பியது. உள்ளே தீ, மாற்றுத்துணி வைக்க அலமாரி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டன். ரப்பர் பூட்சும் மழைக்கோட்டும் வந்தன. கடும் தூறலில் வேலை நின்றது. மேலே போன கடிதத்தில் பெண்கள் என்ற சொல் எங்கும் இல்லை. ‘நாற்காலியின் நலன் கருதி’ என்றுதான் இருந்தது. அதே வாரத்தில் ஒப்புதல் வந்தது.

அதற்குப் பிறகு நடுக்கம் தணிந்ததே தவிரப் போகவில்லை. இப்போதிருக்கும் மானேஜருக்கு டீயை அரை டம்ளர்தான் ஊற்றுகிறார்கள், அவரும் பழகிக்கொண்டார். அதைத் திருப்பி அழைத்துக்கொள்ள முடியுமா என்று அவர் ஒருநாள் முனீஸ்வரியிடமே கெஞ்சியிருக்கிறார். அவள் கொட்டகைக்கு வந்து மதலேனாளிடம் சொன்னாள்.

“அது அங்கனயே இருக்கட்டும்க்கா. நமக்குத்தான் வேற முளைச்சிருச்சே.”

தீயில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, இருவரும் காய் எடுக்கப் போனார்கள்.