டயருக்குப் போட்ட பாலிஷ்

என் தங்கை மகளுக்கு முப்பத்தொரு வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பன்னிரண்டாவது மாடிக்கும் பதின்மூன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பேச்சுக் கொடுத்தபடியே வெளியே கொண்டுவருகிறவள். ஆனாலும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். ரேஸ் ட்ராக்கிலும் ஓட்டக்கூடிய பைக் ஒன்றை வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அவளுடைய அப்பா என்னிடம் வந்து, "பைக் வாங்குறாளா, ராக்கெட் வாங்குறாளா?" என்றார். எங்கள் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் உடன் வராமல் பெரிய பொருள் எதையும் வாங்குவதில்லை. அந்தப் பெரியவர் இப்போது நான். கிளம்பிவிட்டேன்.

கடையில் விற்பனையாளர் எங்களை நேராக ஆயிரம் சிசி வண்டியிடம் அழைத்துப் போனார்.

"இதுதான் மேடம் டாப். இதுக்கு மேல வானம்தான்."

பாப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற அறுநூறு சிசி வண்டியின் அருகே போய் நின்றாள்.

"எனக்கு இது போதும். அதோட பவர்ல பாதியைக்கூட நான் ரோட்டுல தொட முடியாது. இதை ட்ராக்ல முழுசா ஓட்டலாம், திங்கக்கிழமை வேலைக்கும் எடுத்துட்டுப் போகலாம்."

"இருந்தாலும் ஆயிரம்னு சொன்னா ஒரு பேர் இருக்குல்ல மேடம்."

"பேருக்கு ஓட்டுறவங்க வருவாங்க. அவங்களுக்கு வித்துடுங்க."

அடுத்து பாப்பாவின் கேள்விகள். முன் சஸ்பென்ஷனை என் எடைக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணித் தருவீர்களா, எத்தனை கிலோமீட்டரில் வால்வைப் பார்க்க வேண்டும், ட்ராக்கில் ஓட்டினால் வாரண்டி நிற்குமா. மூன்றாவது கேள்விக்கு விற்பனையாளர் தண்ணீர் குடித்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்.

முப்பத்து நான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள் நான். கடைசிப் பதினோரு வருடம் ஹெட் நர்ஸ். கெட்டிக்கார டாக்டர் பெரிய கத்தியைக் கேட்க மாட்டார், வேண்டிய கத்தியைக் கேட்பார். பாப்பா பேசியதைக் கேட்டபோது எனக்கு அந்த நல்ல டாக்டர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

வண்டியும் அப்படித்தான் இருந்தது. அழகுக்காக ஒட்டவைத்த ஒரு துண்டு கிடையாது. மூக்கிலிருந்து வால் வரை ஒரே வீச்சாக இழுத்த கோடு. ஸ்டார்ட் செய்தபோது நான்கு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின. பாப்பா முன்னால் சாய்ந்து தாழ்வான ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அவளுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

"வாங்கு," என்றேன்.

இரண்டு மாதம் சாலையில் பதமாக ஓட்டி இன்ஜினைப் பழக்கினாள். அதன் பிறகுதான் ட்ராக்குக்கு நாள் குறித்தாள். ரேஸ் இல்லாத நாட்களில் யாரும் பணம் கட்டி அங்கே ஓட்டலாம். வாடகை வண்டியில் நான்கு முறை போயிருக்கிறாள். சொந்த வண்டியில் இதுதான் முதல் தடவை. "அங்க வண்டியை சோதனை பண்ணுவாங்க பெரியம்மா. ‘ஓட்டுபவரின் கவனக்குறைவு’ன்னு எழுதிட்டா இந்த வருஷம் முழுக்க உள்ள விட மாட்டாங்க," என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அவள் வண்டியிலேயே வந்தாள். நான் அவளுடன் வேலை செய்பவரின் வேனில் சாமான்களோடு வந்தேன். காலை ஏழு மணி. விழுந்தால் உடைந்து சிதறாமலிருக்கக் கண்ணாடிகளைக் கழற்றினாள், விளக்குகள் மேல் டேப் ஒட்டினாள். பிறகு விதிமுறைகளைச் சொல்ல ஓட்டுகிறவர்கள் எல்லாரையும் ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள். வண்டியும் நானும் தனியாக நின்றோம்.

வண்டி முழுக்கத் தூசி. முகப்பில் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன. எங்கள் வீட்டுப் பொருள் இந்தக் கோலத்தில் சோதனைக்கு நிற்பதா? வண்டியோடு கடையில் கொடுத்திருந்த பாலிஷை எடுத்தேன். வண்டியின் உடம்பைத் துணியால் துடைத்தேன். டயர் இரண்டும் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தன. இரண்டு தடவை பூசினேன். கருகருவென்று மின்னின. எனக்கு முழுத் திருப்தி.

சோதனை செய்கிறவருக்கு அங்கே ‘டார்ச்’ என்று பெயர். பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட்டோடுதான் திரிவார். பாப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினாள். டார்ச் குனிந்தார். டயரில் விரலை வைத்தார். விரல் வழுக்கியது.

"போட்டோ எடுக்கவா வந்தீங்க? இதோட முதல் வளைவுல சாய்ச்சா வண்டி ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க. பின்னால வர்றவன் என்ன பாவம் செஞ்சான்?"

வரிசையில் நின்ற ஒருவர், "பார்லர்ல இருந்து நேரா வந்திருக்கு போல," என்றார். சிரிப்பு எழுந்தது.

பாப்பா டயரைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த கறுத்த துணியைப் பார்த்தாள்.

"நான்தான் சார் போட்டேன்," என்றாள். "தெரியாம போட்டுட்டேன்."

டார்ச் பேனாவை எடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து தைப்பதற்கு முன்னால் பஞ்சை எண்ணுவோம். ஒன்று குறைந்தால், தவறவிட்டவர் அந்த இடத்திலேயே வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்த இரண்டு பெண்களை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அன்று அந்தத் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். மூன்று விநாடி இருக்கும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"தம்பி, எழுதாதீங்க," என்றேன். "அவ உள்ள மீட்டிங்ல இருந்தா. பூசினது நான்."

"பெரியம்மா, விடுங்க."

"நீ சும்மா இரு. எனக்காகப் பொய் சொல்ல உன்னை யார் கேட்டா?"

டார்ச் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிரேக் டிஸ்க்லயும் பூசினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அது ஏற்கெனவே பளபளன்னு இருந்துச்சு."

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "அம்மா, வண்டிக்கு ஓட்டுறவங்கதான் பொறுப்பு. வேற யாரோ செஞ்சாங்கன்னு எழுத இந்தத் தாள்ல கட்டம் கிடையாது."

"ஓரத்துல இடம் இருக்கு. என் பேரை எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். என் தப்புக்கு இதுவரைக்கும் வேற யாரும் கையெழுத்துப் போட்டதில்ல."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு தாளைத் திருப்பி ஓரத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். போட்டேன்.

"காலையில விட முடியாது. சோப்புப் போட்டுத் தேய்ங்க. சாயங்காலம் என் விரல் வழுக்கலன்னா பார்க்கலாம். வழுக்கினா வேன்ல ஏத்திட்டு வீட்டுக்கு."

வேனின் நிழலில் உட்கார்ந்து தேய்த்தேன். பாப்பா தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஐந்தாவது வாளியில் டயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"மெதுவா, பெரியம்மா. டயருக்குள்ள இருக்கிற கம்பி வெளிய வந்துடப்போகுது."

"டயர் பளபளக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"டயருக்குப் பாலிஷ் போடுற ஆள் நம்ம வீட்டுல இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. தேய்த்தேன்.

நான்கு மணிக்கு டார்ச் வந்தார். வெள்ளைத் தாளை டயரில் ஆறு இடத்தில் வைத்து அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "முதல் நாலு ரவுண்டு ஊர்ந்துதான் போகணும். டயர் திரும்பத் தரையைப் பிடிக்கணும்," என்றார்.

வேலியோரம் நின்று எண்ணினேன். முதல் ரவுண்டில் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். பார்லர் என்று சொன்னவரும் தாண்டினார். இரண்டாவதிலும் அதுவேதான். மூன்றாவதில் வயதான ஒருவர்கூட முந்தினார். அவள் வேகத்தைக் கூட்டவில்லை. டார்ச் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாலு ரவுண்டு ஊரச் சொன்னா இங்க ரெண்டுலயே ஆக்ஸிலேட்டரை முறுக்கிடுவாங்க. இந்தப் பொண்ணு நாலும் ஊர்ந்தே போறா."

"எங்க வீட்டுப் பொண்ணு," என்றேன்.

ஐந்தாவது ரவுண்டில் சத்தம் மாறியது. நான்கு சிலிண்டரின் குரலும் ஒன்றாகக் கூர்மையாகி நேர்ப்பாதையில் எங்களைத் தாண்டியது. வளைவுக்கு முன்னால் ஒரே பிடியில் வேகம் அடங்கியது. அவள் உடம்பு இருக்கையை விட்டு உள்பக்கம் இறங்கியது, முட்டி தரையை நோக்கி விரிந்தது. வண்டி வளைவுக்குள் சாய்ந்து படுத்தது. அத்தனை எடையும் உள்ளங்கையளவு ரப்பரின் மேல் நின்றது. துளிகூட நடுங்கவில்லை. பார்லர்காரரை உள்பக்கமாகத் தாண்டி, நிமிர்ந்து, போய்விட்டாள்.

"பார்த்தீங்களா?" என்றார் டார்ச்.

வேலியைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தேன். அதற்குள் அவள் அடுத்த வளைவுக்குள் சாய்ந்துவிட்டாள்.