அடுத்த கேமராவுக்கு ஒரு பட்டியல்

கேமரா கம்பெனிக்காரன் சும்மா இருக்காமல் இணையத்தில் கேட்டுவிட்டான்: எங்கள் அடுத்த மாடலில் என்னவெல்லாம் வேண்டும்? மூணாறில் கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுத்துத் திரியும் ஜெகனுக்கு அது போதாதா? பதினோரு வரி எழுதித் தள்ளினான். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது, குளிரில் பேட்டரி படுத்துவிடக் கூடாது, கழுத்து ஒடிகிற கனம் குறைய வேண்டும். அதெல்லாம் பின்னால். முதல் வரி இதுதான்: மூடுபனிக்கு முன்னால் நிற்கிற கறுத்த முகம் முகமாகத் தெரிய வேண்டும்.

காரணம் அவன் அம்மா செல்வலட்சுமி. பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் இறந்தபோது, மாலை போட்டு வைக்க அவன் எடுத்த ஒரு கூட்டுப் படம்தான் இருந்தது. ஊரையெல்லாம் படம் பிடித்தவன் பெற்றவளைத் தனியாக ஒன்று எடுத்து வைக்கவில்லை. அந்தக் கூட்டுப் படத்தில் பின்னால் பனி பளீரென்று வெள்ளை, அம்மாவின் முகம் ஒரு கறுப்புத் திட்டு. கம்ப்யூட்டரில் எவ்வளவு வெளிச்சம் ஏற்றியும் புள்ளிகள்தான் வந்தன, அம்மா வரவில்லை.

இன்று குருவம்மாளுக்குக் கடைசி வேலைநாள். அம்மாவோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுத்தவள். கூட வேலை பார்க்கும் பதின்மூன்று பெண்கள் அவளை நடுவில் நிறுத்திப் படத்துக்கு நின்றார்கள். இவளுக்காவது முகம் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஜெகன் வந்திருந்தான். பனி விடவில்லை. ஃபிளாஷ் போட்டால் பனித்துளிதான் மின்னியது. வெளிச்சத்தைக் கூட்டினால் முகமெல்லாம் சாம்பல் பூத்தது.

“என்னப்பா, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்ட?” என்றாள் குருவம்மாள்.

“எல்லார் முகமும் இருட்டா விழுது அத்தை. அடுத்த மாடல் வந்தா சரியாயிரும்.”

“அது எப்ப வரும்?”

“அடுத்த வருஷம் வரலாம்.”

“நான் நாளைக்கே தென்காசிக்குப் பஸ் ஏறுதேன். அதுவரைக்கும் இந்தக் காலு நிக்காதுப்பா. உக்காந்துக்கிடுதேன்.”

புல்லில் ஈரம், ஈரத்தில் அட்டைப்பூச்சி. செடியின் ஈரம் சேலையில் படாமலிருக்கக் கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தாள் கட்டியிருப்பார்கள். குருவம்மாள் அதை அவிழ்த்து அகலமாக விரித்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்பார்களா? பதினான்கு தாள்களும் புல்லில் விரிந்தன.

ஜெகன் சலிப்போடு கேமராவில் கண்ணை வைத்தான். வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை. தாள்களில் விழுந்த வெளிச்சம் கீழிருந்து எழும்பி முகங்களில் ஏறியிருந்தது. குருவம்மாளின் புருவத்தில் பனித்துளி, மூக்குத்திக்கடியில் வியர்வை, கன்னத்தில் பழைய அம்மைத் தழும்பு. ஒருத்தி செம்புக் கறுப்பு, ஒருத்தி நாவல்பழக் கறுப்பு. கறுப்பில் இத்தனை நிறமா என்று வியந்தபடி அவன் விடாமல் எடுத்தான். பின்னால் பனி அப்படியே இருந்தது, பனிக்குள்ளே மலையும் தெரிந்தது. இத்தனைக்கும் அவன் கையில் இருந்தது அதே பழைய கேமரா.

கேமராவின் திரையைக் காட்டினான். குருவம்மாள் வெகுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கேன், என்ன?” என்றாள் நம்பாதவள் போல.

ஜெகன் போனில் அம்மாவின் கூட்டுப் படத்தைத் திறந்தான். கறுப்புத் திட்டுக்குக் கீழே, அம்மாவின் இடுப்பில் அந்த வெள்ளைத் தாள் மடிப்பு மடிப்பாகத் தெளிவாக இருந்தது. அன்றைக்கும் அம்மா, “கொஞ்சம் உக்காந்துக்கிடவா?” என்று கேட்டாள். “நில்லும்மா, நின்னாத்தான் எடுப்பா இருக்கும்” என்று சொன்னவன் அவன்தான்.