இரண்டு முறை திருப்பிய உறை

எங்கள் பத்திரிகையின் வரலாற்றை மேஸ்திரி எழுதினால் முதல் வரியிலேயே தன்னை உட்கார வைத்துக்கொள்வார். அதனால் நான் எழுதுகிறேன். மேஸ்திரி என்பது பட்டப்பெயர். ஆள் பேருந்துப் பணிமனையில் குமாஸ்தா. அவரைப் போல் ஆணை நேசிக்கும் ஆண்கள், என்னைப் போல் பெண்ணை நேசிக்கும் பெண்கள், திருநர்கள் என்று எங்கள் ஊரில் ஒளிந்து வாழ்ந்த எல்லோருக்குமாக அவர் தொடங்கிய எட்டுப் பக்கம் அது. ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, நாற்பது பேருக்குத் தபாலில் அனுப்புவோம்.

உறைகள் எல்லாம் பழையவை. பசை விடும்படி நனைத்துப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி ஒட்டுவோம். அனுப்பியவர் பெயர் எதிலும் இருக்கக் கூடாது. வீட்டில் யார் கையில் கிடைத்தாலும் எதையும் காட்டிக்கொடுக்காது.

ஒன்பதாம் இதழுக்கு உறைத் தட்டுப்பாடு. அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கடைப் பெயர் அச்சிட்ட உறைக் கட்டு ஒன்றை நைசாகக் கிளப்பினேன். சமர்த்தாக வீட்டிலேயே பிரித்துத் திருப்பி மடித்து, ஒட்டும் வேலையை மட்டும் மிச்சம் வைத்தேன். மேஸ்திரி ஊர்க்கதை அடித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் அத்தனையையும் இன்னொரு முறை திருப்பினார். பின்மடிப்பில் பொடி எழுத்திலிருந்த கடைப் பெயரும் முகவரியும் பழையபடி வெளியே வந்துவிட்டன. தபாலில் சேர்த்துவிட்டு வந்து, மேசையில் மிஞ்சியிருந்த உறையைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மேஸ்திரியை நான் திட்டிய திட்டு அச்சில் ஏறாது.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. இருப்பது அவள் வீடு, வேலை அவள் கடையில். என்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வீடும் வேலையும் போனால் போகட்டும், அவளே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயந்தே பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், வீடு மாறிப் போன ஒரு வாசகரின் இதழ் திரும்பி வந்தது, நேராகக் கடைக்கு. கடைத் தபாலை அக்காதான் பிரிப்பாள். உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தபோது அவள் ஆறாம் பக்கத்தில் இருந்தாள். அது நான் புனைபெயரில் எழுதியது. மூக்குக்கண்ணாடிக் கடை, அக்கா, என் பயம் எல்லாம் அதில் அப்படியே இருந்தன. பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்த என் மூளையை எந்தக் கடையில் சோதிப்பது?

அன்று இதழை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை, கடையைத் திறந்ததும் இதழை என் முன்னால் வைத்தாள்.

"தெரிஞ்சா அக்கா என்னைத் துரத்திடுவாள்னு ஊருக்கெல்லாம் எழுதியிருக்கே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் அழுதேன். அவளும் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொழிலுக்கு வந்துவிட்டாள்: எழுத்து இவ்வளவு பொடியாக இருந்தால் நாற்பது வயதுக்கு மேல் யார் படிப்பார்கள் என்று ஒரு பிடி பிடித்தாள்.

பத்தாம் இதழ் பெரிய எழுத்தில், பதினாறு பக்கமாக வந்தது. உறையின் முகப்பிலேயே கடை முகவரியைப் போடச் சொன்னாள் அக்கா. கண்ணாடிக் கடைத் தபாலை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? உள்ளே கடைசிப் பக்கத்தில், நேரில் வந்தும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தோம். இதெல்லாம் தன் யோசனை என்று மேஸ்திரி இன்றுவரை சொல்லித் திரிகிறார்.

அந்த வாரமே தலை நரைத்த வாத்தியார் ஒருவர் வந்தார். கண் பரிசோதனை என்றார். அக்கா ஒன்றும் விடாமல் சோதித்தாள். பார்வையில் குறையே இல்லை. ஆனாலும் அவர் எழுந்திருக்காமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அக்கா அலமாரியைத் திறந்து ஓர் இதழை எடுத்து நீட்டினாள்.

"இங்கேயே உக்காந்து படிங்க சார். இது நம்ம வீட்டுப் பத்திரிகைதான்."

தபாலில் வந்த ஒன்பது இதழ்களையும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தவராம் அவர்; பத்தாவதில் அந்தக் கடைசிப் பக்க வரியைப் பார்த்ததும் மீதியைப் படிக்காமலே கிளம்பி வந்துவிட்டாராம். அன்று தெருவைப் பார்த்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பதினாறு பக்கத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.