டிரம்மர் திலகவதியின் வீட்டுக்காரர்

என் மணிக்கட்டு மட்டும் உடையாமல் இருந்திருந்தால் திலகவதிக்கு ஒரு ரசிகன்கூட இருந்திருக்க மாட்டான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

‘பொட்டல்’ ராக் பாண்டுக்கு ஆறு வருடம் டிரம்ஸ் வாசித்தவன் நான், ரகுநாத். போன ஆடியில் திருமயம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தேன். வலது மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். ஒப்புக்கொண்ட கச்சேரியை விட மனமில்லை. “ஒரே ஒரு கச்சேரிக்கு எம் பொண்டாட்டி வாசிக்கட்டும்டா” என்று பாடகன் சோலையப்பனிடம் சொன்னது சாட்சாத் நானேதான். நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் என் டிரம்ஸில் தட்டிப் பழகியிருந்தாள். சுமாராக வாசிப்பாள் என்று நினைத்தேன்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாகிவிட்டது. கை சரியாகியும் என்னை யாரும் கூப்பிடவில்லை. அவள் வாசித்த வீடியோவை ஊரே போனில் பார்க்கிறது. நான் வாசித்ததை நானும் என் தங்கையும் பார்த்தோம். உறவுமுறைகூட மாறிவிட்டது. முன்பு சோலையப்பனுக்கு நான் அண்ணன், அவள் அண்ணி. இப்போது அவள் அக்கா, நான் மாமா! பெண்டாட்டி மேலேயே பொறாமையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது.

அரிமளத்தில் பொங்கல் விழாக் கச்சேரி. அன்று என் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். வேனிலிருந்து அவளுக்கு ஸ்டாண்டுகளை இறக்கிக் கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் விழாக் குழுத் தலைவர் குழந்தைசாமி பொன்னாடைகளோடு மேடையேறினார். பாடகனுக்கும் கிட்டார்காரனுக்கும் போர்த்தினார். திலகவதி முன்னால் வந்து நின்றதும் அவர் கை தயங்கியது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஆண்பிள்ளை போர்த்துவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

“தங்கச்சி வீட்டுக்காரர் வந்திருக்காரா? இங்கிட்டு வாங்க” என்றார் மைக்கில்.

ஒரே விசில். ஏறிப் போய்ப் போர்த்தினேன். கூட்டம் கைதட்டியது, அவளுக்கு. குழந்தைசாமி மைக்கை என் பக்கம் நீட்டினார்.

“மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறீங்க?”

“டிரம்ஸ் வாசிக்கிறேன்” என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார்கள். திலகவதி மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டிக் இரண்டையும் என் கையில் கொடுத்தாள்.

“அடுத்த பாட்டு நீங்க வாசிங்க. ஒரு பாட்டு.”

உட்கார்ந்தேன். நன்றாகவே வாசித்தேன். நடுவில் வேகம் லேசாக இழுத்தது. கிட்டார்காரன் திரும்பி முறைத்தான். முறைத்தால் முறைக்கட்டும். பாட்டு முடியும்போது மேடை ஓரம் பார்த்தேன். பொன்னாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் கையிலிருந்த ஸ்டிக்கையே பார்த்தபடி நின்றாள் திலகவதி. திருப்பிக் கொடுப்பாரா என்ற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனை மாதம் எனக்குள் எரிந்தது அவளுக்குள்ளும் பற்றிக்கொண்டதே! எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

“என்னங்க, எந்திரிங்க. நான் வாரேன்” என்று ஓரடி எடுத்து வைத்தாள்.

டிரம்மர் ஸ்டிக்கைத் தட்டி நாலு எண்ணிவிட்டால் பாட்டு தொடங்கியே ஆகவேண்டும், யாராலும் நிறுத்த முடியாது. அவள் என் பக்கம் வந்து சேர்வதற்குள் நான் எண்ணி முடித்துவிட்டேன்.